வெண்நாரையின் மிச்சக் கதை

கடலுக்குப் போன ஆண்பிள்ளை கரை திரும்புகிறவரைக்கும் அவன் வீட்டில் ஏதாவது ஒரு வேலை பாதியில் நிற்க வேண்டும் என்பது எங்கள் சந்தியாகுதுறையில் யார் எப்போது வைத்த வழக்கம் என்று பாதருக்கும் தெரியாது, அவருக்கு முன்னால் இருந்த பாதருக்கும் தெரியாது. ஆனால் போட்டு என்று நாங்கள் சொல்கிற விசைப்படகு துறையை விட்டு நகர்கிற அன்றைக்கே வீட்டுக்காரி ஒரு வேலையைத் தொடங்கி, பாதி செய்து, அப்படியே நிறுத்திவிடுவாள், அதற்கு மிச்சம் வைப்பது என்று பேர், ஆழ்கடலில் கிடக்கிறவனை அந்த மிச்சம் கயிறு கட்டி இழுப்பதுபோல இழுத்து வந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம். முதன்முதலாக எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு இது சோம்பேறிகளின் ஊர் என்றுதான் தோன்றும். ஒரு பக்கம் மட்டும் நீலம் அடித்த கதவு, ஒற்றைக் கை வைத்த சட்டை, பாதி பூசிய சுவர், வாய் முடையாத ஓலைக் கடவம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று அரையும் குறையுமாகக் கிடக்கும். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், இந்த ஊரில் ஒரு வேலையையாவது உருப்படியாக முடிப்பீர்களா என்று கேட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

அவன் திரும்பி வந்ததும், கைகால் கழுவி ஒரு தேயிலை குடிப்பதற்குள், அவன் பார்க்கப் பார்க்க அவள் அந்த மிச்சத்தை முடிப்பாள். திரும்பி வராவிட்டாலும் முடித்துத்தான் ஆக வேண்டும். அது எல்லாரும் அறிந்ததுதான், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவனுடைய ஒரு சட்டையையும் ஒரு சாரத்தையும் துவைத்து மடித்து வெறும் பெட்டியில் வைத்து, முடித்த வேலையைக் கோயில் பீடத்துக்கு முன்னால் காட்டி, தீர்த்தம் தெளித்து, வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போவாள். அதன்பிறகு துக்கமணி அடிக்கும், பெட்டி குழிக்குள் இறங்கும், அவள் விதவையாவாள். ஒரே போட்டில் போனவர்களை ஒன்றாகத்தான் அடக்க வேண்டும். ஒரு வீட்டில் மிச்சம் நின்றாலும் அந்தப் போட்டு இன்னும் கடலில்தான் நிற்கிறது என்று எங்களுக்குக் கணக்கு.

அமலோற்பவ மாதா என்கிற போட்டு எட்டு ஆட்களோடு சுறாவுக்குப் போய்ப் புயலில் அகப்பட்டது. மற்ற போட்டுகள் லட்சத்தீவில் ஒதுங்கி, குஜராத்தில் ஒதுங்கி, ஒவ்வொன்றாகத் துறைக்கு வந்து சேர்ந்தன, இது வரவில்லை. தேடிப் போன ஹெலிகாப்டர் வெறும் கடலைத்தான் பார்த்துவிட்டு வந்தது. ஓர் ஆண்டு போனது, இன்னொரு ஆண்டும் போனது. ஏழு வீடுகளில் ஏழு பெண்கள் அழுதுகொண்டே மிச்சத்தை முடித்தார்கள். எட்டாவது வீடு டெல்பினுடையது. அவளால் முடிக்க முடியவில்லை, ஏனென்றால் அவள் வைத்த மிச்சம் கதவும் இல்லை, கடவமும் இல்லை, ஒரு பொம்மைப்படம்.

என் வீடு டெல்பின் வீட்டுக்கு எதிர்வீடு, ஆகையால் எனக்கு இது முழுக்கத் தெரியும். டெல்பினுக்கும் பிளேவியனுக்கும் பிள்ளை கிடையாது. அவன் கொச்சித் துறைமுகத்துப் போன் கடையில் ஒரு மெமரி கார்டு நிறைய ஜப்பான்காரர்களின் பொம்மைப்படத்தைத் தமிழ்ப் பேச்சோடு ஏற்றிக்கொண்டு வருவான், அதை டிவியில் போட்டுவிட்டு இரண்டு பேரும் கப்பைக்கிழங்கைத் தின்றுகொண்டு சுவரில் சாய்ந்து பார்ப்பார்கள், முரட்டு மீசை வைத்துக்கொண்டு சுறாவின் வாயில் கைவிடுகிற ஆள் பொம்மைக்காக அழுவான். ஊரே சிரித்தது. பிள்ளை இல்லாத வீட்டில் பொம்மை விளையாட்டு என்று சிலர் காதுபடவே சொன்னார்கள், அது எனக்கு ஆத்திரமாக வரும். படத்தின் பேர் வெண்நாரை. வெண்நாரை என்பது ஒரு விண்கப்பல். கடல் வற்றிப்போன தங்கள் ஊருக்குத் தண்ணீர் தேடி ஐந்து பேர் அதில் வானத்துக்குள் போகிறார்கள். முதல் பயணத்தில் கையோடு தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்கள், அந்தப் படம் சுகமாக முடிந்தது. இரண்டாம் பயணம் என்று மறுபடி ஒன்று வந்தது. அதில் கப்பல் வெளிச்சமே எட்டாத ஓர் இருட்டு ஓட்டத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிறது, ரேடியோக்காரப் பெண் மிசுகி காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கேப்டன், யாரோ நம்மை அழை" என்கிறாள், படம் அங்கே நிற்கிறது.

அந்த இடம் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் பிளேவியன் கடலுக்குப் புறப்பட்டான். "இந்தத் தடவ மிச்சத்த இதிலேயே வச்சிரு டெல்பின், சுவருக்குப் பூச்சும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அடுத்தத நீ தனியா பாக்கப்பிடாது கேட்டியா, நான் வந்து ரெண்டு பேருமா பாப்போம்" என்றான். அவளும் கை வலிக்கிற வேலை இல்லை என்று சிரித்துக்கொண்டே சரி என்றாள். அடுத்தது என்று ஒன்று இல்லவே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. படம் எடுத்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வரைந்துகொண்டிருந்தவர் செத்துப்போனார் என்றார்கள் சிலர், வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள் சிலர். டெல்பின் மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் போன் கடை போன் கடையாக விசாரித்தாள். ஒரு கடைக்காரன் கம்ப்யூட்டரில் தேடு தேடு என்று தேடிவிட்டு, "இவ்வளவுதான் அக்கா வந்திருக்கு, இதுக்கு மேல அவனுகளே வரையல்ல" என்று சொல்லிவிட்டான். அவள் அதை வந்து சொன்னபோது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சோறு தின்றதை நான் பார்த்தேன். யாராலும் முடிக்க முடியாத ஒரு மிச்சம் வீட்டில் இருக்கிறவரைக்கும் பிளேவியனை யாராலும் சாகடிக்க முடியாது என்று அவள் நினைத்தாள்.

அவள் நினைத்ததற்கு வேறொரு வீட்டில் ஒரு பிள்ளை விலை கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் போட்டில் போனவர்களில் சின்னவன் பொண்டாட்டி கிளாடிஸ், அவன் போகும்போது வயிற்றில் பிள்ளை இருந்தது. எங்கள் ஊரில் ஞானஸ்நானத்தின்போது தகப்பன்தான் மெழுகுதிரி பிடிக்க வேண்டும். தகப்பன் செத்திருந்தால் தாய்மாமன் பிடிக்கலாம். தகப்பன் கடலில் நிற்கிறபோது வேறு யாரும் பிடிக்கக் கூடாது. ஆக பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பல் முளைத்து, நடந்தும்விட்டது, பேர் மட்டும் வைக்கவில்லை. ஊரில் எல்லாரும் அதைப் பிள்ளை என்று கூப்பிட்டார்கள், தெருவில் எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாலும் அதுதான் முதலில் திரும்பிப் பார்க்கும். கிளாடிஸ் தன் கடவத்தை முதல் வருஷமே வாய் முடைந்து முடித்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். டெல்பினைத் தெருவில் கண்டால் அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள்.

இப்படி இருக்கிற நாளில்தான், ஈஸ்டர் கழிந்து கடல் அடங்கியிருந்த ஒரு காலையில், மீன் ஏலத்துக்குப் போனவர்கள் மணலில் வெண்நாரை கிடப்பதைப் பார்த்தார்கள்.

படத்தில் ஊரைவிடப் பெரிதாகத் தெரிந்த கப்பல் கரையில் இரண்டு போட்டு நீளம்தான் இருந்தது. முன்பாதி நல்ல வெள்ளையும் சிவப்புமாக வர்ணம் பூசியிருந்தது, பின்பாதி வெறும் பென்சில் கோடு. கோட்டுக்குள் வழியாகக் கடல் தெரிந்தது, ஒரு நண்டு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஏறி வந்தது. அதன் கீழே ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள். காற்றே இல்லாத நேரத்திலும் அவர்கள் தலைமுடி ஆடியது, அதுவும் வலதுக்கும் இடதுக்கும் ஒரே மாதிரி. ஏலக்காரர் சற்று நேரம் பார்த்துவிட்டு, நெய்மீனுக்கு விலை கூறத் தொடங்கினார். மீன் கெட்டுப்போகும் அல்லவா. ஏலம் முடிந்த பிறகுதான் ஊர்க் கமிட்டித் தலைவர் மரியநாயகம் வந்து, எங்கள் கரையில் அநாதையாக ஒதுங்குகிற எதையும் உடையவர் வருகிறவரைக்கும் கட்டிப்போட்டுக் காக்க வேண்டும் என்கிற வழக்கப்படி, ஒரு வடக்கயிறு எடுத்து வெண்நாரையின் வர்ணம் பூசிய பக்கத்தைத் தென்னையோடு கட்டச் சொன்னார். பென்சில் பக்கத்தில் முடிச்சு நிற்கவில்லை.

ஐந்து பேரையும் வலைக்கூடத்தில் தங்க வைத்தோம். அவர்கள் திரும்பியபோதுதான் முதுகுப் பக்கம் வரையவே இல்லை என்பது தெரிந்தது, பின்னால் நின்று பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். பெண்டுகளுக்கு அது சங்கடமாக இருந்தது, ஒரு மனுஷனை அப்படிப் பார்ப்பது மரியாதையில்லை என்று, வீட்டுக்கு ஒரு துண்டு கொண்டுவந்து அவர்கள் முதுகில் போர்த்திவிட்டார்கள். கஞ்சி கொடுத்தோம். படத்தில் அவர்கள் ஒரே ஒரு தடவைதான் சாப்பிட்டிருந்தார்கள் போல, கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் ஐந்து பேரும் ஒன்றாகத் தூக்கி, வாயை மூன்று விதமாகத் திறந்து மூடி, "அடடா, இந்த உணவு அற்புதம்!" என்று சொல்லிவிட்டுக் கீழே வைப்பார்கள், கிண்ணம் நிறைய அப்படியே இருக்கும், அதைக் கோழிக்குப் போடுவோம். கஞ்சியை இப்படிப் புகழ்ந்து கேட்டதே இல்லாத பெண்டுகள் முறை வைத்துக்கொண்டு கொடுக்கப் போனார்கள். போலீஸ் வந்து பார்த்தது, கடலோரக் காவல்காரர்கள் வந்து பார்த்தார்கள், பாஸ்போர்ட் கேட்டதற்குக் கேப்டன் இசாமு நெஞ்சில் கை வைத்து, "நாங்கள் போர் செய்ய வரவில்லை, தண்ணீர் தேடி வந்தோம்!" என்று முழங்கினார். எங்கள் ஊரிலும் அப்போது தண்ணீர்க் கஷ்டம்தான். பார்க்க வந்த காவல்காரர்கள் ஒரு குடம் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மாதத்துக்குள் எல்லாம் பழகிவிட்டது. வெண்நாரையின் மேல் வலை காய்ந்தது, நிழலில் ஆட்கள் சீட்டு விளையாடினார்கள், சந்தியாகப்பர் திருவிழாவுக்கு அதற்கும் சேர்த்து சீரியல் பல்பு போட்டோம், பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமையில் வெந்தார்கள். தங்கள் படத்தில் ஏற்கனவே பேசிய பேச்சைத் தவிர வேறு பேச்சு அவர்களுக்கு இல்லை என்பதையும் புரிந்துகொண்டோம். யார் எதைக் கேட்டாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துத்தான் சொல்வார்கள். மிசுகி மட்டும் மற்ற நேரம் சும்மா இருந்துவிட்டு, பொழுது சாயும்போது கடலுக்கு நேராக நின்று காதுக்கருவியை அழுத்தி, "கேப்டன், யாரோ நம்மை அழை" என்று சொல்லி, வாய் திறந்தபடியே நின்றுவிடுவாள்.

டெல்பின் மட்டும் கரைக்கே வரவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். கடைசியில் கேப்டன் இசாமுதான், துண்டைப் போர்த்திக்கொண்டு, தெரு வழியே தேடி வந்து அவள் வாசலில் நின்றார். அவள் கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன், எனக்கு எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது.

"எங்களை இங்கேயே விட்டுவிடாதீர்கள்!" என்றார் கேப்டன்.

"இது முதல் பயணத்துல, அந்த ஜெயில்ல கெடக்கும்போ காவக்காரன்ட்ட சொன்னது" என்று டெல்பின் என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அவரிடம், "எனக்கு ஒண்ணும் தெரியாது. வரஞ்சவங்கள போய்க் கேளுங்க" என்று கதவைச் சாத்தினாள். கேப்டன் வெயில் சாய்கிறவரைக்கும் அங்கேயே நின்றுவிட்டுப் போனார்.

அதன்பிறகு மழைக்காலம் வந்தது. உப்புக்காற்றும் சாரலும் முதலில் வெண்நாரையின் பென்சில் கோட்டைத் தேய்த்தன, காலையில் போய்ப் பார்த்தால் வால் பக்கம் ஒரு சாண் குறைந்திருக்கும். தார்ப்பாய் கட்டிப் பார்த்தோம், பிரயோஜனம் இல்லை. பிறகு ஆட்களும் வெளுக்கத் தொடங்கினார்கள். எஞ்சின்காரர் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்குவார், கிண்ணம் மட்டும் தெரியும். ஒருநாள் வலைக்கூடத்தில் அவர் நின்ற இடத்தில் இரண்டு பூட்ஸின் கோடும், கீழே விழுந்த ஒரு துண்டும்தான் மிச்சம் இருந்தன. துண்டு போர்த்திய வீட்டுக்காரி அதைத் துவைக்காமலே மடித்து எடுத்துப் போனாள். மற்ற நான்கு பேரும் கஞ்சி குடிக்கையில் ஐந்தாவது ஆளின் குரல் வரவேண்டிய இடத்தில் சற்று நிறுத்தி, பிறகு கிண்ணத்தை வைத்தார்கள்.

கமிட்டி கூடியது. பாதரும் இருந்தார். கதை முடியாததால்தான் இவர்கள் கரைகிறார்கள், வரைந்த உடையவர்கள் கைவிட்டுவிட்டார்கள், இனி அந்தக் கதையை முடிப்பதற்குப் பாத்தியதை உள்ளவள் அதை மிச்சமாக வைத்தவள்தான், அவள் வாயால் ஒரு முடிவு சொன்னால் போதும், படமாகத்தான் முடிக்க வேண்டும் என்று எங்கும் சொல்லியிருக்கவில்லை என்று மரியநாயகம் சொன்னார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அப்படியென்றால் எட்டு வீட்டு மிச்சமும் முடிந்துவிடும், மணியும் அடிக்கும் என்பது தெரிந்துதான் நியாயமாகப் பட்டது. அவளிடம் போய்ச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. கிளாடிஸ் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"எக்கா, கதவத் தொற" என்றாள். டெல்பின் திறந்தாள்.

"ஒனக்க மாப்பிள மட்டுமா கடல்ல கெடக்கான்? எனக்க மாப்பிளயும்தான் கெடக்கான். நாலு மாசம்தான் அவரோட இருந்தேன், அவருக்க மொகங்கூட இப்போ சரியா ஓர்மையில வரமாட்டேங்கி. நீ மிச்சத்த வச்சிக்கிட்டு இருந்தா அவரு வந்துருவாரா? சொல்லு. வருவாருன்னு நீ சத்தியம் பண்ணு, நான் போறேன்."

டெல்பின் பிள்ளையைப் பார்த்தாள்.

"எனக்க பிள்ளைக்கு ஒரு பேரில்ல" என்றாள் கிளாடிஸ். "அந்த ஆளுவள பாரு, கரஞ்சு போறாவ. ஒனக்கு அவியள நல்லா தெரியும், எங்கள விட ஒனக்குத்தான் தெரியும். அவியளயாச்சும் வீட்டுக்கு அனுப்பு."

டெல்பின் பிள்ளையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது அவள் தாலிச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்தது. சங்கிலியை விடுவிக்காமலே, "என்ன பேரு வைப்ப?" என்று கேட்டாள்.

"அவருக்க பேருதான்."

"சரி. நாளைக்கு அந்தியில சொல்லுதேன்" என்றாள் டெல்பின். உள்ளே போய் பிளேவியனின் ஒரு சட்டையை எடுத்துத் துவைக்கப் போட்டாள்.

மறுநாள் எட்டுப் பெட்டிகளைக் கரையிலேயே கொண்டுவந்து வரிசையாக வைத்தோம், வெண்நாரையை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக முடியாது என்று பாதர் பீடத்துச் சிலுவையையும் தீர்த்தத்தையும் அங்கேயே எடுத்து வந்தார். ஏழு பெண்களும் அவரவர் முடித்த வேலையைக் காட்டினார்கள். கதவைக் கழற்றித் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள் ஒருத்தி. சுவர் பூசியவள் சாந்துக் கரண்டியைக் கொண்டு வந்தாள். கிளாடிஸ் கடவத்தைக் காட்டினாள். கடைசியில் டெல்பின் வந்து, நான்கு பேருக்கும் அந்த பூட்ஸ் கோட்டுக்கும் முன்னால் மணலில் உட்கார்ந்தாள். அவள் கையில் எதுவும் இல்லை.

அவள் சத்தமாகப் பேசவில்லை, பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் சொல்லிச் சொல்லிக் கொடுத்தோம். அந்த இருட்டுக்குள்ளே அழைத்தது அவர்கள் ஊர்தான் என்று அவள் சொன்னாள். ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் கரைக்கு வந்து நின்று கூப்பிட்ட சத்தம்தான் அது என்றாள். சத்தம் வந்த திசைக்குக் கேப்டன் கப்பலைத் திருப்பினார் என்றாள், எரிபொருள் தீர்ந்துபோனது, ஆனாலும் கப்பல் வந்தது, ஏனென்றால் யாரோ இழுத்தார்கள் என்றாள். வந்து பார்த்தால் வற்றிப்போன கடல் மறுபடி நிறைந்து கிடந்தது, ஐந்து பேரும், எஞ்சின்காரர் உட்பட ஐந்து பேரும், இறங்கி அவரவர் வீட்டுக்குப் போனார்கள், வீட்டில் சோறு ஆறாமல் இருந்தது, தின்றார்கள், படுத்தார்கள், மறுநாள் எங்கேயும் போகவில்லை என்றாள். ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவள் முகம் ஒரு வயது கூடினாற்போல ஆனது. பிறகு எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "அவ்வளவுதான். கத முடிஞ்சு" என்றாள்.

பாதர் கையைக் காட்டினார், கோயில் கோபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் துக்கமணியை அடிக்கத் தொடங்கினார். முதல் மணிக்கே வெண்நாரையின் பின்பாதி வர்ணம் பிடித்தது, வெள்ளை, பிறகு சிவப்பு, பிறகு சன்னலுக்குச் சன்னல் மஞ்சள் விளக்கு. பூட்ஸ் கோட்டுக்கு மேலே எஞ்சின்காரர் முழுசாக நின்றார். அவர்கள் திரும்பியபோது துண்டுகள் நழுவி விழுந்தன, முதுகும் பின்னந்தலையும் சட்டையின் மடிப்பும்கூட அவர்களுக்கு வந்திருந்தன, பெண்டுகள் சந்தோஷத்தில் குலவையிட்டார்கள், எட்டுப் பெட்டிகள் பக்கத்தில் இருப்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டார்கள். ஐந்து பேரும் கப்பலில் ஏறினார்கள். வடக்கயிறு தானாக அவிழ்ந்தது. மிசுகி கடைசியாக ஏறியவள், வாசலில் நின்று எப்போதும்போல காதுக்கருவியை அழுத்தினாள். அவளுக்கும் அந்தப் பேச்சு இப்போது முழுசாக வந்திருந்தது.

"கேப்டன், யாரோ நம்மை அழைக்கிறார்கள்" என்றாள் மிசுகி. "ஒரு சிறிய படகு. அதில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். மிச்சத்தை முடித்துவிட வேண்டாம், வந்துகொண்டிருக்கிறோம் என்று கரைக்குச் சொல்லச் சொல்கிறார்கள்."

சொல்லி முடித்ததும் சந்தோஷமாகச் சிரித்தாள், அந்தச் சிரிப்பையும் அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. கதவு மூடியது. வெண்நாரை மணலிலிருந்து எழும்பி, கடலுக்கு மேலே போய், ஒரு புள்ளியாகி, முடிந்துபோன கதை போகிற இடத்துக்குப் போய்விட்டது. கூப்பிட்டுக் கேட்க யாரும் இல்லை. கோபுரத்தில் இருந்த உபதேசியாருக்கு எதுவும் கேட்கவில்லை, அவர் பாட்டுக்கு மணியை அடித்துக்கொண்டே இருந்தார், அதை நிறுத்தச் சொல்லவும் எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"படத்துல உள்ள பேச்சு அது" என்றார் மரியநாயகம். "படத்துக்க பேச்சு. நாம நம்ம காரியத்தப் பாப்போம்."

பெட்டிகளைக் கல்லறைக்குத் தூக்கிப் போனோம், பாதர் ஜெபத்தைப் படித்தார், எட்டும் குழிக்குள் இறங்கின, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம், கஞ்சி குடித்தோம், வீட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று கோயிலில் அறிவித்தார்கள். டெல்பின் அழவில்லை. குழியின் ஓரத்தில் நின்று, ஒவ்வொரு பெட்டியாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் நடந்து போனாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் தெருவில் ஒரு சுரண்டல் சத்தம் கேட்டு எழுந்தேன். கதவைத் தலையில் தூக்கி வந்தவள் வாசலில் உட்கார்ந்து, அந்தக் கதவின் நீலத்தை ஒரு பக்கம் மட்டும் அரம் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வீட்டில் ஒரு சட்டையின் கையைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருத்தி பூசிய சுவரைக் கொத்திக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டதுபோல அவரவர் வேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்து அடக்கமானவர்களுக்கு மிச்சம் வைக்கலாமா என்று வழக்கத்தில் இல்லை. வைக்கக் கூடாது என்றும் இல்லை.

கிளாடிஸ் கடவத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் முடைந்த ஓலையை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பேரில்லாத பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்து விழுகிற ஓலையைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது.

டெல்பின் தன் வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், கதவையும் சட்டையையும் சுவரையும் பார்த்துக்கொண்டே, மெதுவாக நடந்து வந்து கிளாடிஸின் முன்னால் நின்றாள். சுரண்டுகிற சத்தமெல்லாம் நின்றுவிட்டது.

கிளாடிஸ் தலை நிமிரவில்லை. "ஞாயித்துக்கெழம வேண்டாம்னு பாதர்ட்ட சொல்லீட்டேன்" என்றாள். ஓர் ஓலையை உருவிப் போட்டுவிட்டு, "எக்கா, என்னய அடி. நாலு அடி அடிச்சிட்டுப் போ" என்றாள்.

"ஒங்க எல்லாருக்கும் அவுக்க ஒண்ணு இருக்கு" என்றாள் டெல்பின். "நான் எத அவுக்கட்டும்? சொன்னத எப்பிடிட்டி திரும்ப எடுக்கது?"

அவள் கையிரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள், நேற்று மணலில் உட்கார்ந்தபோது இருந்ததுபோலவே அந்தக் கைகளில் எதுவும் இல்லை. பிள்ளை ஓர் ஓலையை எடுத்து அவளிடம் நீட்டியது. அவள் அதை வாங்கிக்கொண்டாள். பிறகு கிளாடிஸுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கடவத்தின் மறுபக்கத்தைத் தன் மடிக்கு இழுத்து, "எதுவரைக்கும் வச்சிருந்த?" என்று கேட்டாள்.

"இந்தக் கருப்பு ஓலை வரைக்கும்" என்றாள் கிளாடிஸ்.

டெல்பின் கருப்பு ஓலை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, தன் பக்கத்திலிருந்து அவிழ்க்கத் தொடங்கினாள்.